உறங்கும் நச்சுயிரி

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுப்பினார்: "ஐயா, எச்.ஐ.வி. நோயாளி ஒழுங்காக மருந்துண்டால், சோதனையில் அவர் குருதியில் நச்சுயிரி தென்படுவதில்லை. அதன் பின்னரும் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும் என்கிறார்களே, ஏன்?" தமக்காகக் கேட்டாரா, பிறர்க்காகக் கேட்டாரா என்று நான் வினவவில்லை.

1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் இந்நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். 1996-இல் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை பரவியது. சாவின் வாயிலில் நின்றோர் எழுந்து நடமாடினர். சில ஆண்டுகளில் நோயை வேரோடு களையலாம் என்றுகூட அறிஞர் சிலர் எண்ணினர். மறு ஆண்டே அந்நம்பிக்கை தளர்ந்தது. மருந்துண்போர் உடலிலும், ஓய்வுநிலையிலுள்ள சில வெள்ளணுக்களில் நச்சுயிரி அழியாதிருப்பதை 1997-இல் மூன்று ஆய்வுக் குழுவினர் வெளியிட்டனர். அவ்வணுக்கள் தாமாகவே குறைந்து மறைய 60 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று பின்னர்க் கணக்கிட்டனர்.

இந்நச்சுயிரி தன் மரபுச் செய்தியை நம் உயிரணுவின் டி.என்.ஏ. இழையிலேயே பதித்துவிடுகிறது. மருந்துகளோ அது பெருகுங்கால்தான் தடுக்கவல்லன; வாளா கிடப்பதனிடம் அவற்றிற்கு வேலையில்லை. அது வாளா கிடப்பதற்குக் காரணங்கள் பல. முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நம் டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. இறுகச் சுற்றிய பகுதி, கட்டவிழ்க்காத ஏட்டுச் சுவடியை ஒக்கும். எழுத்து ஒன்றும் அழியவில்லை, ஆயினும் படிக்க இயலாது. ஹிஸ்டோன்மீது அசெட்டைல் என்னும் சிறு வேதித்தொகுதி ஏறினால் கட்டுத் தளரும். ஒருவகை நொதி அதனை நீக்கினால் மீண்டும் இறுகும். எழுத்தை மாற்றாது படிப்பை மட்டும் ஆளும் இத்தகைய முறைகளை ஆராய்வதே எபிஜெனிடிக்ஸ் துறை. அசெட்டைலின் இப்பணியை 1964-இல் நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரே குழுவினர் உய்த்துரைத்தபோது, எச்.ஐ.வி. என்ற பெயரே உலகில் இல்லை. எங்கோ நடந்த ஆராய்ச்சி எங்கே வந்து உதவுகிறது, பாருங்கள்!

அந்நொதியைத் தடுத்தால் உறங்குவதை எழுப்பலாம். எழுந்தபின் அவ்வணுவை உடலின் காவற்படை கண்டு அழிக்கும் என்பது கருத்து. 2012-இல் அமெரிக்காவின் டேவிட் மார்கோலிஸ் குழுவினர், புற்றுநோய்க்குரிய வொரினோஸ்டாட் என்னும் மருந்தை 8 நோயாளிகளுக்கு அளித்ததன் முடிவை வெளியிட்டனர். ஓய்வுநிலை அணுக்களில் நச்சுயிரியின் ஆர்.என்.ஏ. சராசரியாக 4.8 மடங்கு உயர்ந்தது. உறங்கியது விழித்தது உண்மை; ஆனால் விழித்த அணுக்கள் மாளவில்லை. பின்னர் நடந்த சோதனைகளிலும் அம்மறைவான இருப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மாணவர், "மாத்திரையை நிறுத்தினால்?" என்றார். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலேயே நச்சுயிரி குருதியில் மீண்டும் தோன்றிவிடும் என்றேன்.