கரையில் உட்காரும் சேலை: கேளிக்கைப் பூங்காவும் உடை ஒழுங்கும்

1

ஆண்டிமடத்திலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, நடுராத்திரியில் கிளம்பி, விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, காலையில் திறக்கும் நேரத்துக்குக் கேளிக்கைப் பூங்கா வாசலில் போய் நிற்கிறார்கள். வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகும் பெண்களிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: ‘அங்க என்னத்தக் கட்டிக்கிட்டுப் போறது?’

இதை அற்பக் கேள்வி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் தமிழ்ச் சமூகத்தில் இதைவிட அரசியல் கனம் கொண்ட கேள்விகள் குறைவு. இன்ன இடத்துக்குள் வர இன்ன உடை என்கிற விதி, இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்பதன் மறுபக்கமாகவே இங்கு நெடுங்காலம் செயல்பட்டு வந்திருக்கிறது. கேளிக்கைப் பூங்காவின் உடை விதி அந்த வரிசையில் வருகிறதா, இல்லை அது வெறும் பாதுகாப்புச் சமாச்சாரமா? இரண்டும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதுதான் சிக்கல். எந்திரத்தின் தேவை எது, சமூகத்தின் தேவை எது என்று பிரித்துப் பார்க்காதவரை, பலகையை மாட்டியவர் சொல்வதே விஞ்ஞானமாகிவிடும்.

2

பழைய பலகைகளிலிருந்து தொடங்கலாம். அப்போதைய திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1859இல் திருவிதாங்கூர் மன்னர் பிறப்பித்த அறிவிப்பை வெற்றி என்று மட்டும் வாசிப்பது வழக்கம். அதன் உள்ளே இருக்கும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மறைக்கிற விதத்தில் மறைக்கக்கூடாது. உடல் மூடப்படுவதில் அதிகாரத்துக்கு ஆட்சேபம் இல்லாமல் போன பிறகும், எந்த மாதிரி மூடுவது என்பதைத் தானே வைத்துக்கொண்டது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்களுக்கு ரவிக்கையும் தாவணியும் கூடாது. குடை, செருப்பு கூடாது. எட்டில் பெரும்பகுதி உடம்பின் மேல் என்ன இருக்கலாம் என்பது பற்றியதுதான். துணியை அங்குலக் கணக்கில் அளந்தவர்கள் தையற்காரர்கள் அல்லர், நிலத்தை வைத்திருந்தவர்கள்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்வோர்க்கு 2014ஐ நினைவூட்டலாம். அந்த ஜூலையில் சென்னை சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. ஆகஸ்டிலேயே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியையோ பிற இந்திய மரபு உடைகளையோ காரணம் காட்டிப் பொது இடங்களில் நுழைவை மறுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் வாசகத்தில் பிற உடைகளும் சேர்த்திதான். என்றாலும் அதைப் பிறப்பித்த கோபம் வேட்டிக்கான கோபம், அதாவது ஓர் ஆணுக்கு நேர்ந்த அவமானத்துக்கான கோபம். அடுத்த ஆண்டு நவம்பரில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. திருச்சி மாவட்டக் கிராமக் கோயில் விழா ஒன்றில் ஆடல்பாடல் நடத்த அனுமதி கேட்ட வழக்கில், மதுரைக் கிளையின் தனி நீதிபதி கோயிலுக்கு வருவோருக்கே உடை விதி வகுத்தார். 2016 ஜனவரி 1 முதல் ஆண்களுக்கு வேட்டி அல்லது பேண்ட்-சட்டை, பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது மேல்துணியோடு சுடிதார். அந்த ஜனவரியிலேயே அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது.

ஒரே வேட்டி மன்றத்தில் தகாதது, கோயிலில் தகுந்தது. ஒரே சேலை கோயிலில் கட்டாயம், நீச்சல் குளத்தில் குற்றம். ஆக, தகுதி துணியில் நெய்யப்பட்டு வருவதில்லை. ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் சேலையைத்தான் நெய்கிறார்கள். மரியாதையை வாசல்கள் நெய்துகொள்கின்றன.

3

கேளிக்கைப் பூங்கா என்கிற வாசல் எப்போது வந்தது? வேலி போட்டு, கேட் வைத்து, காசு வாங்கி உள்ளே விடும் முறையை 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் பால் பாய்ட்டன் தொடங்கினார். இரண்டாண்டு கழித்து அங்கேயே ஜார்ஜ் டில்யூ ‘ஸ்டீபிள்சேஸ்’ பூங்காவைத் திறந்தார். அதில் ஒரு ஏற்பாடு பிரசித்தம். குதிரைச் சவாரி முடித்து வெளியேறுகிறவர்கள் ஒரு சின்ன மேடையைக் கடந்துதான் போக வேண்டும். தரையிலிருந்து காற்று பீறிட்டுப் பெண்களின் பாவாடையைத் தூக்கும். எதிரே இருக்கைகளில் உட்கார்ந்து சிரிப்பவர்கள், சற்று முன்பு அதே மேடையில் அவமானப்பட்டவர்கள். அவமானப்பட்டவரே அடுத்த நிமிஷம் பார்வையாளர். கேளிக்கை எந்திரம் வேகத்தை மட்டும் விற்கவில்லை, உடை கலைவதையும் டிக்கெட் போட்டு விற்றது.

வால்ட் டிஸ்னி 1955இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாண்ட் இந்தக் கூச்சலுக்கு மறுப்பாகத் தன்னை முன்வைத்தது. சுத்தம், ஒழுங்கு, ‘குடும்பம்’. குடும்பம் என்பது அங்கு வெறும் வாடிக்கையாளர் வகை இல்லை, ஒரு வடிகட்டி. 1960களில் நீண்ட முடி வைத்த இளைஞர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1970 ஆகஸ்ட் 6இல் ‘யிப்பி’கள் கூட்டமாக உள்ளே புகுந்து ரகளை செய்ய, பூங்காவை அன்று நேரத்துக்கு முன்பே மூட வேண்டியதாயிற்று. கோனி ஐலண்டில் கலைக்கப்பட்ட உடம்பு டிஸ்னிலாண்டில் திருத்தப்பட்டது. ஃபூக்கோ சிறைக்கும் பள்ளிக்கும் சொன்ன ‘பணிந்த உடல்’ ராட்டினத்துக்கும் பொருந்தும்.

நம்மிடம் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வகை. சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., 1990களில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., 1995இல் தாம்பரம் அருகே நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா, 2000இல் கொச்சியில் வீகாலாண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா. வி.ஜி.பி. வாசலில் அரண்மனைக் காவலாள் வேஷத்தில் அசையாமல் நிற்கும் ‘சிலை மனிதன்’ எல்லாருக்கும் தெரிந்தவர். குழந்தைகள் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள்; அவர் சிரிக்கக்கூடாது. உள்ளே விளையாடுகிறவர்களின் உடையைவிடக் கடுமையான விதி, விளையாட்டு காட்டுகிறவரின் உடம்பின் மேல்தான் எழுதப்பட்டது. சித்திரை வெயிலிலும் அந்தச் சீருடைக்குப் பித்தான் கழலாது.

4

இப்போது நீர்ப் பூங்காவின் பலகைக்கு வருவோம். பொதுவாக அது சொல்வது: நைலான் அல்லது பாலியஸ்டர் நீச்சல் உடை மட்டும், சேலை, வேட்டி, பருத்தித் துணி, ஜீன்ஸ் கூடாது, இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் பொய் இல்லை. பருத்தியின் பிசிறு வடிகட்டியை அடைக்கும். நனைந்த பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும். ஜிப்பும் உலோகப் பித்தானும் கண்ணாடியிழைச் சறுக்கைக் கீறும், கீறிய இடம் அடுத்தவர் தோலைக் கிழிக்கும். உறிஞ்சு குழாயின் வாயில் தொளதொளத் துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. எந்திரத்துக்கு நாகரிகம் தெரியாது. ஐரோப்பிய நடனத்தை இறுக்கமான உடைகளிலிருந்து விடுவித்த இசடோரா டங்கனே 1927இல் நீஸ் நகரில் கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். ராட்டினத்திலும் கோ-கார்ட்டிலும் துப்பட்டாவையும் அவிழ்ந்த கூந்தலையும் கட்டிக்கொள்ளச் சொல்வது கலாச்சாரக் காவல் ஆகாது.

ஆனால் ‘எந்திரம் இப்படித்தான், நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்’ என்பது விஞ்ஞானம் சொல்லும் ஒரே பதில் இல்லை. நம்மூர் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். ‘சாரி கார்டு’ என்போம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கச் சொல்கிறது. கோடிக்கணக்கான பெண்கள் ஒருபக்கமாகக் காலைப் போட்டுச் சேலையோடு உட்காருகிறார்கள் என்கிற உண்மைக்கு முன்னால் எந்திரம் வளைந்தது. அமெரிக்காவில் 2002இல் ஒரு சிறுமி வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு வாயில் சிக்கி இறந்த பிறகு, 2007இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்து பொதுக் குளங்களின் வடிகால் மூடிகளையே மாற்ற வைத்தது. அங்கும் வளைந்தது எந்திரம்தான். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே சேலையோடும் தாவணியோடும் ஏறினார்கள். ‘கம்பி இருந்தாத்தான் புள்ளைய உக்கார வச்சுக்கலாம்’ என்றவர்களும் உண்டு. அங்கு எந்திரமும் வளையவில்லை, துணியும் வளையவில்லை. ஓட்டுகிறவள் வழி கண்டுபிடித்தாள்.

யார் வளைவது என்பது பொறியியல் முடிவாகத் தெரியும். அதை எடுக்கிறவர் யார் என்பது வரலாறு.

5

ஈர உடம்பு பொதுவில் தெரிவது நமக்குப் புதிதென்றும், நீர்ப் பூங்கா வந்துதான் கெட்டுப்போச்சு என்றும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பம்புசெட்டில் குறுக்குப் பாவாடை கட்டிக் குளித்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடத்திலும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணம் மகாமகக் குளத்திலும் ஈரச் சேலையோடு லட்சக்கணக்கில் பெண்கள் நின்றிருக்கிறார்கள். படித்துறை தன் வழக்கங்களைத் தானே வைத்திருந்தது. எல்லாப் படித்துறையும் எல்லாச் சாதிக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏக்கம் கொள்ள அது பொற்காலம் அல்ல.

உழைக்கிற இடத்தில் உடை இன்னும் சுதந்திரமானது. ஆண்டிமடம் வட்டாரத்து முந்திரிக்காட்டில், நடவு வயலில், நூறு நாள் வேலையில், சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிய பெண்களைப் பார்க்கலாம். வெயில், சுணை, போகாத முந்திரிப் பழக் கறை, குனியும்போது விலகும் மாராப்பு எல்லாவற்றுக்கும் அவர்களே கண்டுபிடித்த தீர்வு அது. அந்தச் சட்டையை ‘தகுந்ததா’ என்று எந்தப் பண்பாட்டுக் காவலரும் கேட்டதில்லை. கூலி வேலைக்கு வரும் உடம்புக்குப் பண்பாடு தேவைப்படுவதில்லை. அதே உடம்பு ஒருநாள் விளையாட வரும்போதுதான் எல்லாருக்கும் கண் திறக்கிறது. வாடகை நைலானுக்குள் அவள் கூசுகிறாள் என்றால் கூச்சத்தின் காரணம் நைலான் இல்லை. மாமனார், கொழுந்தன், பக்கத்து வீட்டுப் பையன், அவன் கையிலிருக்கும் கைப்பேசிக் கேமரா: இத்தனை பேரும் ஒரே வேனில் வந்திருக்கிறார்கள். குடும்பப் பூங்காவில் அவளைப் பார்க்கிற முதல் கண் குடும்பத்தின் கண்.

ஆகவே அவள், ‘நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்’ என்கிறாள். ஆண்கள் டவுசரோடு அலைக்குளத்தில். பிள்ளைகள் சறுக்கில். முழுக் கட்டணம் கொடுத்த சேலை, கரையில், செருப்புக்கும் பணப்பைக்கும் காவல். ஸ்டீபிள்சேஸில் அவமானப்பட்ட பிறகு பார்வையாளர் இருக்கை கிடைத்தது. இங்கே அவமானத்துக்குப் பயந்தே அந்த இருக்கையை எடுத்துக்கொள்கிறாள். யார் பெயரைச் சொல்லி ‘குடும்பத்தோடு வாங்க’ என்று விளம்பரம் செய்கிறார்களோ, அவள்தான் தண்ணீருக்குள் இறங்காதவள்.

6

இரண்டு பதில்கள் நமக்கு முன்னால் உண்டு, இரண்டும் போதாதவை. ‘வெக்கத்த விட்டுட்டு எறங்கு’ என்கிறது ஒன்று. ‘நம்ம பொம்பளைக்கு அதெல்லாம் எதுக்கு’ என்கிறது மற்றது. பிரான்ஸில் புர்க்கினி பட்ட பாடு இரண்டின் வறட்சியையும் காட்டும். ஆஸ்திரேலியாவில் அகெதா சனெட்டி 2004இல் வடிவமைத்த அந்த உடை, சாதாரண நீச்சல் உடைத் துணியில், தலையிலிருந்து கணுக்கால் வரை மூடுவது. எந்திரத்துக்கு அதனால் தனித் தொந்தரவு எதுவுமில்லை. ஆனாலும் 2016 கோடையில் கடற்கரை நகரங்கள் அதற்குத் தடை போட்டன. ஆகஸ்ட் 26இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரின் தடையை நிறுத்திவைத்தது. 2022இலோ கிரெனோபிள் நகரம் தன் குளங்களில் அதை அனுமதித்த விதி நிறுத்திவைக்கப்பட்டதை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம் என்றால், பேச்சு துணியைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

நடைமுறையில் சொல்வதானால், உலர் ராட்டினங்களுக்குச் சுடிதாரும் வார் வைத்த செருப்பும் போதும். துப்பட்டா பையில் இருக்கட்டும். தண்ணீருக்கு முழுக்கை வைத்து, கணுக்கால் வரை மூடும், ஜிப் இல்லாத நைலான் உடை எந்திரத்தின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும். அதற்கு மேல் சொல்லப்படும் நிபந்தனை எதுவும் எந்திரத்தினுடையது அல்ல. அந்த உடை எல்லா உடம்பளவிலும், தனி வாடகை இல்லாமல், கட்டணத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். உடை மாற்ற, தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். சறுக்கும் உறிஞ்சு குழாயும் இல்லாத, இடுப்பளவு ஆழமுள்ள ஒரு குளமாவது, பிசிறைத் தாங்கும் வடிகட்டியோடு, சேலைக்கு என்று இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குக் கம்பித் தடுப்பு வைக்கத் தெரிந்த நாட்டில் இது ஆகாத காரியம் இல்லை. வேட்டிக்கு ஒரு மாதத்தில் சட்டம் செய்தவர்கள் இதைப் பற்றி ஒரு கேள்விகூட எழுப்பாததற்குக் காரணம், கரையில் உட்கார்ந்திருப்பவள் தன்னை யாரும் தடுத்ததாகப் புகார் கொடுப்பதில்லை என்பதுதான். அவளை வாசலில் யாரும் நிறுத்தவில்லை. உள்ளே விட்டு, காசையும் வாங்கிக்கொண்டு, பையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.