மாநிலம் கடந்து ரைஃபிள் கொண்டுசெல்லல் (அமெரிக்கா)

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பென்சில்வேனியாவில் சட்டப்படி வைத்திருக்கும் ரைஃபிளே, டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் நுழைந்ததும் குற்றப் பொருளாகலாம். வேட்டைக்கோ போட்டிக்கோ செல்வோரைக் காக்க, 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் கடப்புரிமை ஒன்றை வகுத்தது. அதன்படி, புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் பயணி தன் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் சட்டம் இடம் தர வேண்டும். ரைஃபிளில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டி கட்டாயம். டேஷ்போர்டு அறையும் முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள அறையும், பூட்டியிருந்தாலும், அப்பெட்டியாகக் கருதப்படா.

விமானத்தில், தோட்டா நீக்கிய ரைஃபிளைக் கடினமான பெட்டியில் பூட்டி, முகப்பில் அறிவித்து, கையோடு கொண்டுசெல்லாத பதிவுப் பயணப்பெட்டியாகவே ஒப்படைக்க வேண்டும்.

கடப்புரிமையின் பலவீனம் இடைத்தங்கலில் தெரிகிறது. 2005இல், நியூ ஜெர்சியின் நூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட யூட்டா பயணி ஒருவர், பூட்டிய கைத்துப்பாக்கி இருந்த தன் பெட்டியைப் பெற்றுக்கொண்டு விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கியைத் தானே அறிவித்தபோது கைதானார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கில், விடுதியில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் பாதுகாப்பு பொருந்தாது என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. நேர்மையாக நடந்தவருக்கு இது கடுமையான முடிவே. ஆகவே கண்டிப்பான மாநிலங்களில் தங்காமல் கடப்பதே பாதுகாப்பு.