ஜரிகைக்கு யார் பொறுப்பு?

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டு நெய்வோரில் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து வரும், உழைப்பு தறிக்காரருடையது. கடையில் புடவையைப் பிரித்துப் பார்ப்பவருக்கு நிறமும் முந்தானையும் தெரியும். ஜரிகைக்குள் இருப்பது வெள்ளியா வெறும் செம்பா என்பது தெரியாது. பட்டுதானா என்று அறிய நூலைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று கடைக்காரர் முன்னே சோதிக்கவும் முடியாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் தவிர, பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர் தலையிலேயே வைத்தது. 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்த சில்க் மார்க் என்ற தூய பட்டு முத்திரை, பட்டைப் பொறுத்தவரை, அந்தச் சுமையை விற்பவர் பக்கம் நகர்த்தியது.

இணையத்தோடு இணைந்த கேமராவும் உள்ளே பார்க்க முடியாத சரக்குதான். 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லோடே கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. குற்றவாளி ஊடுருவியவர்தானே, கடவுச்சொல்லை மாற்றாதது வாங்கியவர் பிழைதானே என்று கேட்கலாம். ஊடுருவியவரைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்று முடிவெடுத்தவர் வாங்கியவர் அல்லர்; சில கருவிகளில் அதை மாற்ற வழியே இல்லை. அத்தகைய பொதுக் கடவுச்சொற்களை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்.

சில்லும் மென்பொருளும் வெளியில் வாங்கிப் பூட்டும் நிறுவனம் பிறர் பிழையைச் சுமக்கலாமா என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். ஜரிகை மட்டமென்றால் நெய்தவரைக் கேட்பது நியாயமில்லை. அதைத் தேர்ந்து தந்தவரும் தன் பெயரில் விற்றவருமே பதில் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரை உற்பத்தியாளராகவே கொள்கிறது. வடிவமைப்புக் குறைக்கும் அவரைப் பொறுப்பாக்குகிறது. ஆயினும் அதில் ‘பொருள்’ என்பதன் விளக்கத்தில் மென்பொருள் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை; வணிக இழப்பு ‘தீங்கு’ என்பதிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. புதிய புடவை வடிவம் ஊடுருவப்பட்ட கேமரா வழியே களவுபோனால், அந்த இழப்புக்கு இச்சட்டத்தின்படி தயாரிப்பாளரிடம் ஈடு கேட்பது கடினம். விற்பனைக்கு முந்தைய சோதனை போதாது. இந்த இரு விளக்கங்களையும் நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.