ஊவாவில் றக்பி

ஊவாவில் றக்பி: இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த கழக ஆட்டத்தின் வரலாறு. உள்ளூர் வழக்கில் இவ்விளையாட்டு 'றகர்' எனப்படும்.

தோற்றம்

இலங்கையின் முதல் றக்பி கழகமான கொழும்பு கால்பந்துக் கழகம் 1879இல் அமைந்தது. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் அதிபர் எல்.ஈ. பிளேஸ் 1891இல் ஆட்டத்தைத் தொடங்கினார். 1906இல் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரி அணிகள் நாட்டின் முதலாவது பாடசாலைப் போட்டியில் சந்தித்தன. 1908இல் இலங்கை றக்பி ஒன்றியம் உருவானது.

ஊவாவுக்கு ஆட்டம் வந்தது தேயிலையோடுதான். கோப்பி நோயில் அழிந்த பின் மலைச்சரிவுகளில் தேயிலை பரவியது; 1886இல் ஊவா தனி மாகாணமானது; 1890களில் புகையிரதம் ஹப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டியது; 1924இல் பதுளையை அடைந்தது. பிரித்தானியப் பள்ளிகளில் றக்பி ஆடிய இளைஞர்கள் சின்னத்துரைமாராக (தோட்ட உதவி மேலாளர்களாக) இங்கு வந்தார்கள். தனிமையான பங்களா வாழ்க்கையில் அவர்களை ஒன்றுகூட்டிய இடம் கிளப். பதுளையின் ஊவா ஜிம்கானா கழகமும், அண்டை மலைகளின் திம்புள்ளை, டிக்கோயா கழகங்களும் இவ்வாறு எழுந்தவை.

போட்டிக் காலம்

கழகப் போட்டிகள் ஆண்டின் நடுமாதங்களில் நடந்தன. மேற்குச் சரிவுகளில் மழை கொட்டும் அதே நாட்களில் ஊவாவில் கச்சான் காற்று உலர்ந்து வீசும். ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெறும் பருவமும் அதுவே. ஆகவே மேற்குச் சரிவு அணிகளின் வீரர்கள் சேற்று மைதானத்திலிருந்து வந்து இறுகிய தரையில் ஆட வேண்டியிருந்தது.

கிளிஃபர்ட் சீமாட்டியின் பெயரால் 1911இல் வழங்கப்பட்ட கிண்ணம் பின்னாளில் கழகங்களின் முதன்மைப் பரிசானது. 1950களில் கொழும்பு, கண்டி அணிகளோடு ஊவா, திம்புள்ளை, டிக்கோயா அணிகளும் அதற்காக மோதின.

வேலிக்கு வெளியே

இந்த அணிகளைத் தாங்கிய செல்வம் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு. ஆயினும் கிளப் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. கொழும்பில் இலங்கையருக்கென 1922இல் சி.ஆர். அண்ட் எப்.சி. கழகம் தோன்றியது; ஆனால் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப்) பிள்ளைகளுக்கு அப்படியொரு வாசல் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977 முதல்தான். எழுத்தறிவுக்கே திண்டாடிய பாடசாலையில் றக்பிப் பந்துக்கு இடமிருக்கவில்லை. ஊவா றக்பியின் மிகப் பெரிய இழப்பு இதுவே.

தேய்வு

சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியத் துரைமார் படிப்படியாக வெளியேறினர். இலங்கையர் சிலர் அவர்களின் இடத்தில் துரைமாராகி ஆட்டத்தைத் தொடர்ந்தனர். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய கம்பனிகளின் ஆதரவும் முடிந்தது. தோட்டக் கழகங்களின் செல்வாக்கு குன்றி, முதல்தர ஆட்டம் கொழும்பிலும் கண்டியிலும் குவிந்தது. 2010களின் தொடக்கத்தில் கார்ல்டன் எழுவர் றக்பித் தொடரில் 'ஊவா வைப்பர்ஸ்' என்ற அணி மாகாணத்தின் பெயரைத் தாங்கியது.

இரண்டாம் படியின் தேவை

இத்தேய்விலிருந்து மீள ஐரோப்பிய றக்பியில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கு முதன்மைக் கிண்ணத்துக்குத் தகுதிபெறாத கழகங்களுக்கென 1996-97இல் சவால் கிண்ணம் தொடங்கியது. அதன் முதல் இறுதிப் போட்டியில் பிரான்சின் பூர்குவான் கழகம் காஸ்த்ர் அணியை 18-9 என வென்றது. பெருநகரத்துக்கு அப்பாலுள்ள சிற்றூர்க் கழகங்களும் கண்டம் தழுவிய கிண்ணத்தை ஏந்தலாம் என்பதை அத்தொடர் காட்டியது. ஊவாவுக்கும் வேண்டியது இத்தகைய உறுதியான இரண்டாம் படி. பதுளை, பண்டாரவளைப் பாடசாலைகளும் தோட்டப் பிள்ளைகளும் ஒரே தொடரில் ஆடும் வகையில் அது அமைந்தால், முன்பு துரைமாருக்கு மட்டுமே உரியதாயிருந்த ஆட்டம் மாகாணத்தின் எல்லா மக்களுக்கும் உரியதாகும்.