மேற்றிராணியாரும் பேராயரும்

கிள்ளான் லூர்து மாதா கோயிலில் தமிழ்த் திருப்பலி நடக்கும்போது, போப்பாண்டவருக்கு அடுத்தபடியாகக் கோலாலம்பூர் பேராயரின் பெயரைச் சொல்லி மன்றாடுவார்கள். பழைய தலைமுறைக்கு அந்தப் பதவி மேற்றிராணியார்.

அது தமிழ் வேர்ச்சொல் அன்று. தாய்நகரம் என்று பொருள்படும் கிரேக்க 'மெத்ரோபொலிஸ்' தந்த பதவிப் பெயர், சிரியாக் மொழியில் 'மெத்ரான்' எனச் சுருங்கி, மலையாளக் கரை வழியே நம்மிடம் வந்தது. தமிழ்க் காது அதில் மேல், திராணி என்ற இரண்டையும் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புணர்ச்சி விதியும் இடம் தருகிறது. அவருடைய எல்லைக்குப் பெயர் மேற்றிராசனம்; அதில் ஓர் ஆசனமும் ஒலிக்கிறது.

அந்தத் திராணி வெறும் ஒலியாக நின்றுவிடவில்லை. 1599இல் கேரளத்தில் உதயம்பேரூர் திருச்சபைச் சங்கத்தைக் கூட்டிய கோவா பேராயர் மெனேசிஸ், 1607 முதல் 1609 வரை போர்ச்சுகீசிய இந்தியாவின் ஆளுநராகவும் இருந்தார். நம் மலாக்கா மறைமாவட்டமும் 1558இல் தொடங்கியபோதே கோவாவின் கீழ் வந்ததுதான். ஜெர்மனியில் இது இன்னும் பழைய கதை. 953இல் கொலோன் பேராயரான புரூனோ, மன்னர் முதலாம் ஓட்டோவின் தம்பி; லோத்தரிங்கியாவை ஆளும் பொறுப்பும் அவரிடமே வந்தது. மணம் புரியாத பேராயருக்கு வாரிசு கிடையாது, கொடுத்த நிலம் பரம்பரைச் சொத்தாகாது. மன்னர்கள் நம்பிக் கொடுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கடைசியில் மன்னரையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்: 1356ஆம் ஆண்டின் பொன் முத்திரை ஆணைப்படி வாக்குரிமை பெற்ற எழுவரில் மூவர் மைன்ஸ், கொலோன், திரியர் பேராயர்கள். கடைசி வாக்கு மைன்ஸ் பேராயருடையது. ஜெர்மனியில் பேரரசின் ஓலைகளுக்குப் பொறுப்பான தலைமைச் சான்சலரும் அவரே.

ஆயர் என்பது முல்லை நிலத்து இடையரின் பெயர். பேராயர் பெரிய இடையர். தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பையே அப்படி அழைக்கிறார்கள். கத்தோலிக்கரிடம் அது ஆயருக்கு மேற்பட்ட பதவி. மந்தையை வைத்து மேய்ப்பரை அழைக்கும் இந்தச் சொல்லே எனக்கு உவப்பானது. மேற்றிராணியாரின் அதிகார வாடை இதில் இல்லை.

திருப்பலியில் நாம் பெயர் சொல்லும் கோலாலம்பூருக்கு 1972இல்தான் பேராயர் வந்தார். மூன்றாவது பேராயர் மர்பி பாக்கியம், ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்த 'ஹெரால்டு' என்ற கத்தோலிக்க இதழுக்காக வழக்குத் தொடுத்தார். மலாய்ப் பக்கங்களில் 'அல்லாஹ்' என்ற சொல் கூடாது என்று உள்துறை அமைச்சு வெளியீட்டு உரிமத்தில் விதித்திருந்த நிபந்தனையை எதிர்த்த வழக்கு அது. 2009 டிசம்பர் 31இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்; 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர், மேற்கொண்டு முறையிட அனுமதி இல்லை என்றார்கள்.