ஆயர், நிருபர், நிருவாகி: நிதி திரட்டும் ஆலோசகர் வந்த வழி

இக்காலத்தில் கல்லூரிகள், மருத்துவமனைகள், அறநிலையங்கள் ஆகியவை மட்டுமன்றித் திருச்சபைகளுங்கூட நிதி திரட்டுவதற்கும் நீண்டகாலத் திட்டம் வகுப்பதற்கும் வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்திக்கொள்வதைக் காண்கிறோம். இவ்வாலோசகர்கள் யார்? எத்தொழிலிலிருந்து இவ்வேலைக்கு வந்தவர்கள்? இக்கேள்வி திருப்பணியாளருக்குத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால், இத்தொழில் ஒரு தனித்தொழிலாக உருப்பெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் முதல் தலைமுறையினருள் முதன்மையானவர்கள் சிலர் ஆயர்களும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துச் செயலர்களுமே என்பது விளங்கும். அவர்களுக்குப்பின் பத்திரிகையாளரும், அவருக்கும்பின் வணிக நிருவாக ஆலோசகரும் இத்துறையினுள் வந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பழைய தொழிலின் கண்களோடேயே வந்தனர். கொடையாளரை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதையும், அதன் விளைவுகளையும் ஈண்டு ஆராய்வோம்.

1. பிரசங்க பீடத்திலிருந்து வந்தவர்

பிரெடரிக் டெய்லர் கேட்ஸ் (1853–1929) ஒரு பாப்டிஸ்து ஆயரின் மகன். ராச்செஸ்டர் இறையியல் கல்லூரியில் 1880-ஆம் ஆண்டு கல்வி முடித்து, மின்னசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரில் ஒரு சபையின் ஆயராக எட்டாண்டுகள் பணியாற்றினார். அந்நகரின் மாவு ஆலை அதிபர் ஜார்ஜ் பில்ஸ்பரி, ஒவட்டோனா என்னும் ஊரிலிருந்த பாப்டிஸ்துப் பள்ளிக்குத் தம் உயிலில் 2 இலட்சம் டாலர் எழுதிவைக்க எண்ணி, கேட்ஸிடம் யோசனை கேட்டார். முழுத்தொகையையும் உயிலில் எழுதவேண்டாம் என்று கேட்ஸ் கூறினார். 50 ஆயிரம் டாலரை இப்பொழுதே கொடுக்கவும், அதற்கு ஈடான தொகையை மாநிலத்துப் பாப்டிஸ்து மக்கள் தாங்களே திரட்டவேண்டுமென்று நிபந்தனை விதிக்கவும், எஞ்சியதை உயிலில் வைக்கவும் ஆலோசனை சொன்னார். தாம் கொடுத்துக் கட்டிய பள்ளியை மக்கள் கைவிடமாட்டார்கள் என்பது அவருடைய கருத்து. ஆலோசனை ஏற்கப்பட்டது. அத்தொகையைத் திரட்டும் வேலையும் அவர் மேலேயே விழுந்தது. 1888-ஆம் ஆண்டில் அவர் ஆயர் பணியை விட்டு விலகி அதனை நிறைவேற்றினார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பாப்டிஸ்து கல்விச் சங்கத்தின் செயலராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். சிக்காகோவில் ஒரு கல்லூரி நிறுவுவதற்கு எண்ணெய் வணிகர் ஜான் ராக்ஃபெல்லர் 1889-ஆம் ஆண்டில் 6 இலட்சம் டாலர் தர வாக்களித்தார். மேலும் 4 இலட்சம் டாலருக்கு 1890 ஜூன் முதல் தேதிக்குள் பிறர் உறுதி தரவேண்டும் என்பது நிபந்தனை. கேட்ஸும், தாமஸ் குட்ஸ்பீட் என்னும் மற்றொரு பாப்டிஸ்து போதகரும் வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் சென்று அத்தொகையைச் சேர்த்தனர். அதன் பயனாக எழுந்ததே இன்றைய சிக்காகோ பல்கலைக்கழகம்.

இவர்களுடைய முறையில் புதுமை ஏதேனும் உண்டோவெனில், ஆயர் ஒருவர் சபையாரின் இல்லங்களைச் சந்திக்கும் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நேரில் செல்லுதல், பொறுமையோடு செவிமடுத்தல், மனிதரின் உயர்ந்த நோக்கத்தையே விளித்துப் பேசுதல் ஆகியவற்றையே கேட்ஸ் தம்மோடு உழைத்தோருக்கு விதிகளாக வகுத்தார். கொடையாளரை அவர் சந்திக்கப்படவேண்டிய ஒரு மனிதராகக் கண்டார்.

1891-ஆம் ஆண்டில் ராக்ஃபெல்லர், தம்மிடம் குவிந்த உதவி விண்ணப்பங்களை ஆராய்ந்து தீர்மானிக்கும் பொறுப்பைக் கேட்ஸிடம் ஒப்படைத்தார். கேட்கிறவராயிருந்தவர் இப்பொழுது கொடுக்கிறவரின் ஆலோசகரானார். 1901-இல் தோன்றிய ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், 1913-இல் தோன்றிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் அவருடைய ஆலோசனையின் கனிகளே. ஆயினும், தனி மனிதரின் முகத்தை நோக்கிப் பேசிப் பழகிய அவர், பின்னாளில் பெரும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பதே சிறந்தது என்னும் முடிவுக்கு வந்தார். ஆயரின் கண் சிறிது சிறிதாக நிருவாகியின் கண்ணாக மாறியதை அவர் வாழ்விலேயே காண்கிறோம்.

2. யார் கேட்டது?

1905-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சர்ச்சை நமக்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்தில் 1816-ஆம் ஆண்டு முதலும் மதுரையில் 1834-ஆம் ஆண்டு முதலும் மிஷனெரிகளை அனுப்பித் தாங்கிவந்த அமெரிக்கன் போர்டு என்னும் சங்கத்துக்கு ராக்ஃபெல்லர் 1 இலட்சம் டாலர் வழங்கினார் என்னும் செய்தி அவ்வாண்டில் வெளியாயிற்று. ஒஹாயோ மாநிலத்து ஆயரும், காங்கிரிகேஷனல் சபைகளின் தேசிய மன்றத் தலைவருமாயிருந்த வாஷிங்டன் கிளாடன் இதனை வன்மையாகக் கண்டித்தார். நேர்மையற்ற வணிகத்தால் ஈட்டிய பணத்தைச் சபை ஏற்பது, அவ்வணிகத்துக்குச் சபை நற்சான்று அளிப்பதாகும் என்பது அவர் வாதம். மாசுபட்ட பணம் என்னும் சொல் நாடெங்கும் பேசப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்று உண்டு. கொடை தானாக வந்தது என்றே பலரும் தொடக்கத்தில் எண்ணினர். உண்மையில், சங்கத்தின் அலுவலர்களே நெடுங்காலமாக ராக்ஃபெல்லரிடம் அதனை வேண்டிநின்றனர். கேட்ஸே அதனைப் பரிந்துரைத்தார். கேட்டவர்கள் தாங்கள் கேட்டதை வெளிப்படையாகச் சொல்லாமல், கொடுத்தவர்மேல் பழி விழும்படி இருந்தது கேட்ஸுக்குச் சினமூட்டியது. உண்மையை வெளியிடும்படி அவர் வற்புறுத்தினார். சங்கமும் அதனை ஒப்புக்கொண்டது. கொடை திருப்பி அனுப்பப்படவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று கிளாடன் வினவினார். யார் கேட்டது, கேட்டதை ஏன் மறைப்பது என்று கேட்ஸ் வினவினார். இரண்டும் ஆயர்கள் எழுப்பிய கேள்விகள். நிதி ஆலோசகரின் தொழிலறம் முழுவதும் இவ்விரு கேள்விகளைச் சுற்றியே பின்னர் வளர்ந்தது எனலாம்.

3. வாலிபர் சங்கச் செயலர்கள்

அதே 1905-ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழுப்ப லைமன் பியர்ஸ் என்னும் செயலர் நிதி திரட்டிவந்தார். பெரும்பகுதி சேர்ந்தபின் முயற்சி தளர்ந்தது. அவருக்குத் துணையாகச் சங்கத்தின் மற்றொரு செயலராகிய சார்லஸ் சம்னர் வார்டு அனுப்பப்பட்டார். இருவரும் சேர்ந்து ஒரு புதுமுறையைக் கண்டனர். ஆண்டு முழுதும் கேட்டுக்கொண்டிராமல் சில நாட்களே குறித்தல், எட்டவேண்டிய தொகையை முன்னரே அறிவித்தல், ஊர்ப் பெரியவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் தலைவரை ஏற்படுத்துதல், நாள்தோறும் நண்பகல் உணவின்போது கணக்கு ஒப்புவித்தல், சேர்ந்த தொகையைத் தெருவிலுள்ளோர் காணும்படி ஒரு பெரிய கடிகாரத்தின் முள்ளால் காட்டுதல் ஆகியவை அம்முறையின் உறுப்புகள்.

வார்டு சங்கத்திடமிருந்து சம்பளம் பெற்றாரேயன்றி, திரட்டிய தொகையில் பங்கு பெறவில்லை. கொடை கேட்டவர்கள் அவ்வூராரே. ஒழுங்கு செய்தவர் மட்டுமே அயலார். 1917-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், போர்க்கால உதவிக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியபோது, வாலிபர் சங்கத்தில் பயின்ற இம்முறையே நாடு முழுவதற்கும் விரிந்தது. போருக்குப்பின் 1919-இல் வார்டும் பியர்ஸும் வேறு இருவரும் கூடித் தம் பெயராலேயே ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினர். ஊழியமாயிருந்தது தொழிலாயிற்று.

இக்காலத்தில் ஊதியம் பெறாமலே இவ்வேலையைச் செய்த ஒருவரையும் குறிப்பிடல் தகும். மாசச்சூசெட்ஸ் பேராயர் வில்லியம் லாரன்ஸ், முதியோரும் நலிந்தோருமாகிய குருமார்க்கும் அவர்தம் விதவையர்க்கும் ஓய்வூதியம் வழங்க எபிஸ்கோப்பல் திருச்சபையில் ஒரு நிதி ஏற்படுத்தினார். 50 இலட்சம் டாலர் வேண்டுமென்று கேட்டார். 1917 மார்ச்சில் முயற்சி முடிந்தபோது 80 இலட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. செல்வக் குடியில் பிறந்த அவருக்குச் செல்வரின் வாசல்கள் திறந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும், இரந்து உருகுவதைவிட, ஓய்வூதியம் எவ்வளவு, அதற்கு மூலதனம் எவ்வளவு என்று தெளிவாகக் கணக்குக் காட்டியதே அவருடைய வலிமையாயிருந்தது.

4. செய்தித்தாளிலிருந்து வந்தவர்

ஜான் பிரைஸ் ஜோன்ஸ் (1877–1964) நியூயார்க் நாளேடுகளில் நிருபராயிருந்தவர். பின் விளம்பரத் துறையிலும், போர்க்காலத்துச் சுதந்திரக் கடன் பத்திரங்களின் பிரசாரத்திலும் உழைத்தவர். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மூலதன நிதிக்கான முயற்சியை நடத்தினார். ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் டாலர் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே தம் பெயரில் ஒரு நிறுவனத்தை அமைத்தார்.

ஜோன்ஸ் தனி மனிதரைவிடப் பொதுமக்கள் கருத்தையே முதலில் கண்டார். நிறுவனத்தைப்பற்றி முன்கூட்டியே விரிவாக ஆராய்தல், அச்சிட்ட வெளியீடுகள், செய்தித்தாள் கட்டுரைகள், கொடையளிக்கக்கூடியோரைப்பற்றிய குறிப்புச் சீட்டுகள் ஆகியவை அவருடைய கருவிகள். இதனால் விளைந்த நன்மை பெரிது. தான் எதற்காக இருக்கிறது என்பதை நிறுவனம் எழுத்தில் வரையவேண்டியதாயிற்று. ஆனால், எழுதப்படுவது உண்மையின் அளவை மீறும் சோதனையும் அதனோடு கூடவே வந்தது. நிருபர் செய்தியைத் தேடிச் செல்கிறார். விளம்பரத்துக்கு எழுதுகிறவரோ செய்தியை உண்டாக்க முற்படுகிறார். ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் சேர்ந்திருந்தன.

இதற்கிடையில், சேரும் தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று பேசிக்கொண்டு வேலைசெய்த தரகர்களும் பெருகினர். இவர்களினின்று தம்மைப் பிரித்துக்காட்ட விரும்பிய நிறுவனங்கள் 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நிதி திரட்டும் ஆலோசகர் சங்கத்தை ஏற்படுத்தின. செய்த வேலைக்கு நிலையான கட்டணம் பெறலாம். சேர்ந்த தொகையில் விழுக்காடு பெறலாகாது என்பது அவர்களுடைய அடிப்படை விதி. விழுக்காட்டின்மேல் வாழ்கிறவர், இன்று கிடைக்கும் தொகையையே நோக்குவார். நாளைக்கும் நிலைக்கவேண்டிய நட்பை நோக்கமாட்டார். மேலும், கொடையாளர் மருத்துவமனைக்கென்று தந்ததில் ஒரு பங்கு அவர் அறியாமலே வேறொருவர் பைக்குச் செல்லும். வார்டு தம் வாழ்க்கையில் கைக்கொண்டதையே சங்கம் சட்டமாக்கியது.

5. வணிக நிருவாகத்திலிருந்து வந்தவர்

1974-ஆம் ஆண்டில் ஹென்றி ரோசோ என்னும் ஆலோசகர் நிதி திரட்டும் கலைக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அது 1987-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இதன்பின், வேறு தொழிலைக் கற்று இதற்குள் வருவதோடு, இதனையே கற்றுவரும் வழியும் உண்டாயிற்று. 1993-இல் ஹார்வர்டு வணிகக் கல்லூரி சமுதாய நிறுவனங்களுக்கென ஒரு தனித்திட்டம் வகுத்தது. 2000-ஆம் ஆண்டில், பெயின் என்னும் வணிக ஆலோசனை நிறுவனத்தின் தலைவராயிருந்த தாமஸ் டியர்னியும் அவருடைய துணைவர்களும், அறநிறுவனங்களுக்கு ஆலோசனை கூறவே பிரிட்ஜ்ஸ்பேன் என்னும் இலாபநோக்கற்ற நிறுவனத்தை ஏற்படுத்தினர். கேள்வியும் இப்பொழுது மாறியது. எவ்வாறு பணம் திரட்டுவது என்பதற்கு முன், எவ்வேலையைச் செய்வது, எதனை விட்டுவிடுவது, பயனை எவ்வாறு அளப்பது என்று கேட்கலாயினர்.

இக்கேள்விகள் நல்லனவே. பயனற்ற வேலையைப் பக்தியின் பெயரால் தொடர்ந்து நடத்துவது உக்கிராணத்துவம் ஆகாது. ஆனால், அளக்கக்கூடியதையே நோக்கும் கண், அளக்க இயலாததைக் காணத் தவறக்கூடும். மரணத்தறுவாயிலுள்ளவரின் படுக்கையருகே ஆயர் செலவிடும் ஒரு மணி நேரத்தை எந்த அட்டவணையில் எழுதுவது?

6. நாம் கற்கவேண்டியது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று காரியங்கள் புலனாகின்றன.

முதலாவது, ஆலோசகர் எவரும் வெறுங்கண்ணோடு வருவதில்லை. ஆயராயிருந்தவர் மனிதரையும், நிருபராயிருந்தவர் பொதுமக்களையும், வணிக ஆலோசகராயிருந்தவர் நிறுவனத்தையும் முதலில் காண்கிறார். ஆகவே, ஆலோசகரை அமர்த்தும் சபைச் சங்கமோ கல்லூரிக் குழுவோ, அவருடைய முந்தைய தொழில் யாது என்று வினவுவது அவரை அவமதிப்பதாகாது. அவர் எதனைக் காண்பார், எதனைக் காணாமல் விடுவார் என்பதை அறியும் வழி அதுவே. அவர் காணாததைக் காண்கிறவர் ஒருவர் குழுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, ஊதியம் பெறும் முறையை எழுத்தில் தெளிவாக்குதல் வேண்டும். விழுக்காட்டுப் பேச்சுக்கு இடந்தரலாகாது. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகத் திரட்டிய காணிக்கையை அப்போஸ்தலனாகிய பவுல் தாம் ஒருவராகவே கொண்டுசெல்லாமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரையும் உடன் அழைத்துச் சென்றார் என்பதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பிறர் குறைகூற இடமிராதபடி பணத்தைக் கையாளுதல் அவருக்கு அப்போஸ்தலத்துவத்தின் ஒரு பகுதியாயிருந்தது.

மூன்றாவது, கேட்பது நம்முடைய கடமை. அதனைக் கூலிக்கு ஒப்படைக்க இயலாது. ஆலோசகர் பட்டியல் தயாரிக்கலாம், கணக்கிடலாம், காலம் குறிக்கலாம். வாசற்படியில் நிற்கவேண்டியவர்கள் அவ்வேலையை நம்புகிறவர்களே. கேட்டபின், கேட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும். 1905-இல் அமெரிக்கன் போர்டு அலுவலர்கள் ராக்ஃபெல்லரிடம் கேட்க வெட்கப்படவில்லை. கேட்டதைச் சபையாருக்குச் சொல்லவே தயங்கினர். சபையாருக்குச் சொல்லத் தயங்கும் வேண்டுகோள் ஒன்று நம் கையில் இருக்குமாயின், அது எவரிடமும் போகும் முன்னரே குழுவின் மேசையில் வைத்துத் திரும்பவும் ஆராயப்படுதல் நலம்.