கம்பியில்லா ஒலிபெருக்கியும் வீட்டுக் கணினியும்: ஓர் இணைப்பின் வரலாறு

வீட்டுக் கணினியுடன் கம்பியில்லா ஒலிபெருக்கியை இணைக்க இன்று பெரும்பாலும் பயன்படுவது புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலித் தொழில்நுட்பம் ஆகும். இது முதலில் இசைக்காக எழுந்ததன்று; கைபேசியில் பேசுவோரின் காதுக்கருவியில் இருந்து கம்பியை அகற்றும் எண்ணத்தில் தொடங்கியது. ஒலிபெருக்கியை இணைப்போர் இன்றும் சந்திக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இந்தப் பிறப்பில்தான் உள்ளது.

கம்பி இருந்த காலத்தில் இணைப்பு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்ட பின் வீட்டுக் கணினிகளில் நல்ல ஒலி பரவலாயிற்று. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த பிசி 99 வழிகாட்டி ஒலிபெருக்கித் துளைக்குப் பச்சையையும் மைக்குக்கு இளஞ்சிவப்பையும் ஒதுக்கியது. பச்சைச் செருகியைப் பச்சைத் துளையில் நுழைத்தால் வேலை முடிந்தது. எந்தக் கணினியின் ஒலி எந்த ஒலிபெருக்கிக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்குக் கம்பியே விடையாக இருந்தது. கம்பி போனதும் அந்த விடையும் போயிற்று.

சுவீடனின் லுண்ட் நகரில் இருந்த எரிக்சன் நிறுவனத்தில், 1994 முதல் நெதர்லாந்துப் பொறியாளர் யாப் ஹார்ட்சென், ஸ்வென் மாட்டிசன் முதலியோர் இதற்கான வானொலி அமைப்பை உருவாக்கினர். அவர்கள் தேர்ந்தெடுத்தது உரிமம் பெறாமல் பயன்படுத்தக்கூடிய 2.4 கிகாஹெர்ட்சு அலைப்பட்டை. மைக்ரோவேவ் அடுப்பும் பின்னாளில் வைஃபையும் நெரிசல் உண்டாக்கும் இடம் அது. (இந்தியாவில் குறைந்த திறன் கருவிகளுக்கு இப்பட்டையில் உரிம விலக்கு அளிக்கும் விதிகள் 2005 ஜனவரியில் வெளியாயின.) நெரிசலைச் சமாளிக்க, சமிக்ஞை 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும்படி செய்தனர். அதிர்வெண் தாவல் பழைய கருத்துதான். நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் நீர்மூழ்கிக் குண்டுகளை இயக்குவதற்காக 1942இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆயினும் லமாரே புளூடூத்தைக் கண்டுபிடித்தார் என இணையத்தில் உலவும் கூற்று மிகையானது.

தாவும் வரிசையை இரு கருவிகளும் ஒன்றாக அறிந்திருந்தால் மட்டுமே பேச்சு நடக்கும். ஆகவே முதல் சந்திப்பு கடினமானது. ஒலிபெருக்கியின் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, விளக்கு மினுங்கத் தொடங்கிய பின் கணினியில் தேடச் சொல்வது இதற்காகவே. அந்நிலையில்தான் ஒலிபெருக்கி அறிமுகமற்ற கருவிகளின் அழைப்புக்கு மறுமொழி தரும். தேடல் பத்து விநாடி வரை நீள்வதும் தாவலின் விளைவே: தேடுவதும் கேட்பதும் ஒரே தடத்தில் சந்திக்க வேண்டும்.

1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் ஆகிய ஐந்தும் கூட்டமைப்பாயின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரான 'நீலப்பல்' என்பதை முன்மொழிந்தவர் இன்டெலின் ஜிம் கார்டாக். முதல் தரம் 1999இல் வந்தது.

அத்தரத்தில் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட வழி விநாடிக்கு 64 கிலோபிட் மட்டுமே. ஒற்றை ஒலித்தடம், விநாடிக்கு 8000 மாதிரிகள். அதாவது தொலைபேசித் தரம். இசைக் குறுவட்டு விநாடிக்கு 1411 கிலோபிட் கேட்கிறது. புளூடூத்தின் அன்றைய மொத்த வேகமே விநாடிக்கு ஒரு மெகாபிட் என்பதால் இசையைச் சுருக்காமல் அனுப்ப இயலாது. 2003இல் ஏற்கப்பட்ட ஏ2டிபி என்னும் விதித்தொகுப்பு இதைத் தீர்த்தது. எஸ்பிசி என்ற சுருக்குமுறையை எல்லாக் கருவிகளுக்கும் அது கட்டாயமாக்கியது. உயர்தர அமைப்பில் அது சுமார் 328 கிலோபிட்டில் ஸ்டீரியோ இசையைத் தரும். ஒலித்தரத்தில் எஸ்பிசியை விஞ்சிய முறைகள் அப்போதே இருந்தன. ஆனால் எளிய சில்லிலும் ஓடும், உரிமக் கட்டணமற்ற ஒரு பொதுமுறை இருந்ததால்தான் எந்த நிறுவனத்தின் ஒலிபெருக்கியும் எந்தக் கணினியுடனும் பேச முடிந்தது. இதைக் குறையாகக் கருதுவது பொருந்தாது.

கணினி இயங்குதளங்கள் இதற்குத் தாமதமாகவே வந்தன. 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு புளூடூத்தை அறிந்திருந்தது; ஸ்டீரியோ இசையை அறியவில்லை. யுஎஸ்பி டாங்கிளுடன் வந்த குறுவட்டிலிருந்து தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. மேக் கணினிகளுக்கு 2007இன் லெப்பர்டு பதிப்பிலும், விண்டோஸுக்கு 2009இன் விண்டோஸ் 7இலும் இவ்வசதி உள்ளமைந்தது. மறைகுறி இடுவதும் அன்று ஒரு தொல்லை. விசைப்பலகையே இல்லாத ஒலிபெருக்கிக்கு 0000 என்ற மாறாத எண்ணைக் கணினியில் தட்ட வேண்டும். 2007இன் புளூடூத் 2.1 இதை நீக்கியது. அதற்கு விலையும் உண்டு: எண் கேட்காத இணைப்பில், மறுமுனையில் இருப்பது எந்தக் கருவி என்று சரிபார்க்க வழியில்லை.

பிறப்பின் தழும்பு மிகத் தெளிவாகத் தெரிவது மைக் உள்ள ஒலிபெருக்கிகளில். ஏ2டிபி ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து இசை போகும், குரல் திரும்பி வராது. காணொளி அழைப்பில் ஒலிபெருக்கியின் மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் கணினி பழைய தொலைபேசி வழிக்கு மாறிவிடுகிறது. தெளிவாக ஒலித்த பாட்டு குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிறது. ஒரே ஒலிபெருக்கியை விண்டோஸ் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என இரண்டாகக் காட்டி வந்ததன் காரணமும் இதுவே. கருவி பழுதென்று எண்ணி மாற்றுவோர் உண்டு. மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே இசை மீண்டுவிடும். 2011இல் குரலின் மாதிரி எண்ணிக்கை 16,000 ஆக உயர்ந்தது. பேச்சு தெளிந்தது, இசைக்கு அது போதவில்லை.

2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்னும் புதிய அமைப்பு எல்சி3 என்ற திறன்மிக்க சுருக்குமுறையைக் கொண்டது. இசையும் திரும்பும் குரலும் ஒரே அமைப்புக்குள் செல்ல அது இடமளிக்கிறது. விண்டோஸ் 11இல் இதற்கான ஆதரவு 2023இல் வந்தது. ஆனால் கணினியின் வானொலிச் சில்லும் ஒலிபெருக்கியும் இரண்டுமே புதியனவாக இருந்தால்தான் இது இயங்கும். ஒன்று பழையதாயின் ஏ2டிபி வழியே இசை செல்கிறது. இரண்டுக்கும் பொதுவான வேறு சுருக்குமுறை இல்லாதபோது 2003இன் எஸ்பிசியே இன்றும் கைகொடுக்கிறது.